கொழும்பில் வாங்கிய பழைய உழவு இயந்திரத்தை வன்னிக்குப் பாதுகாப்பாகக் கொண்டுபோவது எப்படி?

ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். கீழே எழுதியிருப்பதையெல்லாம் படிக்க நேரமில்லை என்றாலும் இதை மட்டும் கேளுங்கள்.

பழைய மெசி பெர்குசன் ஒன்றைக் கொழும்புப் பக்கம் வாங்கியாயிற்று, ஊர் வவுனியாவுக்கு அப்பால், ஓட்டியே போகலாமா, லொறி என்றால் எப்படிக் கட்டுவது என்று கேட்டிருக்கிறீர்கள். லொறிக் கூலியைக் கேட்டதும் உங்களுக்குத் தலை சுற்றியிருக்கும். "ஓடுகிற இயந்திரம்தானே, ஏறி உட்கார்ந்தால் இரண்டு நாளில் வீடு" என்று சொல்ல யாராவது பக்கத்தில் இருந்திருப்பார்கள். எனக்கும் இருந்தார்கள்.

2018 ஆவணியில் நான் பாதுக்கையில் ஒரு மெசி 135 வாங்கினேன். காலபோக விதைப்புக்கு முன் அதைக் கிளிநொச்சி உருத்திரபுரத்தில் அப்பாவிடம் ஒப்படைக்க வேண்டும். நான் கொட்டாஞ்சேனையில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு கணக்கு வேலைக்குப் போகிறவன். பொறியியலாளன் அல்லன், கராஜ் வைத்திருப்பவனும் அல்லன். துறை தெரிந்தவர்கள் பிழை கண்டால் திருத்துங்கள், ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் "ஒரு பழைய இரும்புக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா" என்று எழுத வருகிறவர்களுக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன்.

எங்களிடம் முன்பும் ஒரு 135 இருந்தது. 2008 கடைசியில் போருக்குத் தப்பி உருத்திரபுரத்தை விட்டுக் கிளம்பியபோது அதன் இழுவைப் பெட்டியில்தான் அம்மம்மா, நெல் மூட்டைகள், கூரைத் தகரம், அம்மாவின் தையல் இயந்திரம் எல்லாம் வந்தன. தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று இடம் மாற மாறப் பெட்டியில் இருந்தவை குறைந்துகொண்டே போயின. கடைசியில் மாத்தளன் மணலில் அதை நிறுத்திவிட்டு நடந்தோம். அப்பா திறப்பைக் கழற்றி மடியில் செருகிக்கொண்டார். அந்தத் திறப்பு இன்றும் சுவாமிப் படத்துக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது. ஆகவே எனக்கு அது இரும்பு அல்ல. உங்களுக்கும் அப்படித்தான் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் 'பாதுகாப்பாக' என்ற சொல்லைக் கேள்வியில் போட்டிருக்க மாட்டீர்கள்.

ஏன் ஓட்டிப்போகக் கூடாது என்கிறேன்? 135இன் முழு வேகமே மணிக்கு 30 கிலோமீற்றர் அளவுதான். கொழும்பிலிருந்து கிளிநொச்சி 330 கிலோமீற்றருக்கு மேல். பழைய டயரோடு இருபதில் போனால் பதினாறு, பதினேழு மணித்தியாலம் ஆசனத்திலேயே இருக்க வேண்டும். அது சேற்றில் மெதுவாக உருளச் செய்த டயர். சூடான தாரில் நாள் முழுக்க ஓடினால் வெடித்த பக்கச்சுவர் மேலும் பிளக்கும். முன்சில்லுப் பெயரிங்குகளுக்கு யார் எப்போது கிரீஸ் அடித்தார்கள் என்று விற்றவருக்கே தெரியாது. அதிவேக நெடுஞ்சாலையில் உழவு இயந்திரத்துக்கு அனுமதியே இல்லை. புத்தளம் – அனுராதபுரம் வீதியில் பொழுதுபட்டால் யானை வேறு. தம்புள்ளையிலிருந்து வவுனியா வரை ஓட்டிப்போய்ச் சேர்ந்த ஒருவரை எனக்கே தெரியும், மறுக்கவில்லை. அவர் போய்ச் சேர்ந்தார் என்பதற்காக உங்களையும் போகச் சொல்ல என்னால் முடியாது.

இன்னொன்று பிரேக். இந்த இயந்திரங்களில் வலப்பக்கம் இரண்டு பிரேக் மிதிகள் இருக்கும், இரண்டு பின்சில்லுகளுக்கும் ஆளுக்கொன்றாக. வயல் மூலையில் சட்டென்று திருப்புவதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். வீதிக்கு வந்தால் இரண்டையும் ஒன்றாக இணைக்க ஒரு சிறு கொக்கி உண்டு. அதை மாட்டாமல் ஒரு மிதியை மட்டும் வேகத்தில் மிதித்தால் இயந்திரம் ஒரு பக்கமாக இழுத்துக் கவிழும். நான் வாங்கியதில் அந்தக் கொக்கியே இருக்கவில்லை. ஊசி போட வேண்டிய துளையில் துருதான் இருந்தது. லொறியில் ஏற்றும் அந்தப் பத்தடிக்கும் இது முக்கியம். முதலில் அதைப் பார்த்து, இல்லாவிட்டால் ஒரு கொக்கி செய்வித்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

லொறி பேசும்போது பாரத்தைச் சரியாகச் சொல்லுங்கள். 135 வெறுமனே ஏறக்குறைய ஒன்றரைத் தொன். ஆனால் சேற்று உழவுக்காகப் பின்டயர்களில் தண்ணீர் நிரப்பியிருப்பார்கள், ஒவ்வொன்றிலும் 150 லீற்றர் அளவில். அதுவே இன்னொரு 300 கிலோ. விற்பவர் சொல்ல மறந்துவிடுவார், நீங்களே கேளுங்கள். காற்று வாயைக் கீழே வரவைத்து ஊசியை அழுத்தினால் தண்ணீர் சீறும், தெரிந்துவிடும். கலப்பையும் சேர்த்து ஏற்றுவதென்றால் அதையும் கூட்டுங்கள். பதினான்கரை அடித் தட்டு உள்ள லொறி எனக்குப் போதுமாக இருந்தது.

ஏற்றிய கதைக்கு வருகிறேன். நான் பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகக் கடையொன்றுக்குப் பக்கத்தில் வேலை செய்யும் மெக்கானிக் பாஸ் ஒருவரைக் கையோடு கூட்டிப்போயிருந்தேன். அந்தக் கூலியை மிச்சம் பிடிக்காதீர்கள். விற்றவரின் வயலோரத்தில் இடுப்பளவு மண்திட்டு ஒன்று இருந்தது. லொறியின் பின்பக்கத்தை அதற்கு நெருக்கமாக விட்டு, மிச்ச இடைவெளிக்கு இரண்டு பலகைகள் போட்டார்கள். விற்றவரின் மகன், நல்ல துடியான பையன், முன்பக்கமாகவே ஏற்றினான். பின்சில்லு பலகையில் ஏறியதும் முன்சில்லுகள் இரண்டும் தட்டிலிருந்து ஒரு சாண் எழும்பின. சத்தமே இல்லை. மூக்கு மட்டும் மெல்ல வானத்தைப் பார்த்தது. பாஸ் போட்ட கூச்சலில் பையன் கிளச்சை மிதித்தான், மூக்கு தட்டில் விழுந்தது, பலகை ஒன்று கீற்றாக வெடித்தது. நான் அந்த முன்சில்லுக்கு நான்கடி தூரத்தில் கையில் தண்ணீர்ப் போத்தலோடு நின்றிருந்தேன்.

பாஸ் அப்புறம்தான் விளக்கினார். உழவு இயந்திரத்தின் பாரம் பின்சில்லுப் பக்கம். மேட்டில் முன்னோக்கி ஏற்றும்போது பின்சில்லு பிடித்துக்கொண்டால், எஞ்சினின் இழுவை மூக்கைத் தூக்கிப் பின்பக்கமாகப் புரட்டப் பார்க்கும். புரளத் தொடங்கினால் ஓட்டுகிறவனுக்குக் குதிக்க நேரம் கிடையாது. பின்னோக்கி ஏற்றினால் அதே இழுவை மூக்கைக் கீழே அழுத்தும். நாங்களும் இறக்கித் திருப்பி ரிவர்சில்தான் ஏற்றினோம். ஆகவே சரிவு கொஞ்சம் கூடினாலே ரிவர்சில் ஏற்றுங்கள். லோ கியர், குறைந்த வேகம், நடுச்சரிவில் கிளச் மிதிக்கக் கூடாது, கியர் மாற்றக் கூடாது. லொறிச் சில்லுகளுக்கும் கட்டை வையுங்கள், இயந்திரத்தின் பாரம் ஏறும்போது லொறியே முன்னால் நகரும். ஆட்கள் பக்கவாட்டில் தள்ளி நிற்க வேண்டும். நான் நின்ற இடத்தில் நிற்காதீர்கள்.

கட்டுவதில்தான் நான் பெரிய பிழை விட்டேன். முதல்நாளே பஞ்சிகாவத்தையில் நான்கு சங்கிலிகளும் நான்கு இறுக்கிகளும் வாங்கி வைத்திருந்தேன். லொறிக்காரர் என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். "மல்லி (சிங்களத்தில் தம்பி), இருபது வருடமாக இந்தக் கயிற்றில்தான் கட்டுகிறேன்" என்றார். மரியாதைக்கு வாயை மூடிக்கொண்டு சங்கிலிகளை ஆசனத்துக்கு அடியில் தள்ளினேன். இரண்டு நைலோன் கயிறுகள் பின்அச்சிலும், ஒன்று முன்பக்கத்திலும் விழுந்தன. பேலியகொடை, நீர்கொழும்பு எல்லாம் நன்றாகவே தாண்டினோம். மாரவிலைக்குக் கிட்ட ஓர் ஓட்டோ குறுக்கே வர அவர் பிரேக் அடித்தார். முதுகுக்குப் பின்னால் இடி விழுந்த மாதிரி ஒரு மோதல். இறங்கிப் பார்த்தால் இயந்திரம் ஒரு முழம் நகர்ந்து, பின்சில்லு லொறியின் முன்தட்டியை உள்ளே தள்ளியிருந்தது. அந்தத் தகட்டுக்கும் எங்கள் தலைக்கும் இடையில் ஒரு கை அகலம்.

உழவு இயந்திரம் காற்றடைத்த பெரிய டயர்களில் நிற்கிறது. வீதியின் ஒவ்வொரு குழிக்கும் அது ஒரு தடவை குந்தி எழும்பும். நைலோன் கயிறு ஒவ்வொரு இழுவைக்கும் நீண்டு கொடுக்கும். ஆகவே சங்கிலிதான். முன்பக்கம் இரண்டை முன்அச்சுச் சட்டத்தில் போடுங்கள். திசைமாற்றும் தண்டுகளில் போட்டால் அவை வளைந்துவிடும். பின்பக்கம் இரண்டைப் பின்அச்சின் வார்ப்பு உறையில் போடுங்கள், கலப்பையைத் தூக்கும் ஹைட்ரோலிக் கைகளில் போடாதீர்கள், அவை ஆடுகிற உறுப்புகள். நான்கும் நான்கு மூலைக்கு இழுக்கட்டும். டயர்கள் சற்றே அமுங்கும் வரை இறுக்கி, இறுக்கியின் பிடியைக் கம்பியால் கட்டிவிடுங்கள். நான்கு சில்லுக்கும் கட்டை அடித்துத் தட்டோடு ஆணி வையுங்கள். கியரில் விடுங்கள், ஹைட்ரோலிக் கைகளை இறக்கிவிடுங்கள், பற்றரி வயரைக் கழற்றி, டீசல் குழாயை மூடுங்கள், புகைக்குழாய் வாயில் ஒரு பால்மாத் தகரத்தைக் கவிழ்த்துக் கட்டுங்கள். முதல் 15 கிலோமீற்றரில் நிறுத்திச் சங்கிலியைக் கையால் ஆட்டிப் பாருங்கள், கட்டாயம் தளர்ந்திருக்கும். பிறகு தேநீருக்கு நிற்கும் ஒவ்வொரு இடத்திலும் அப்படியே.

இதையெல்லாம் மாரவிலை வீதியோரத்தில் ஒரு கோழிக்கடை வெளிச்சத்தில் செய்தோம். லொறிக்காரர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. நான்காவது சங்கிலியை அவரே இறுக்கினார்.

ஒன்றை நாங்கள் இருவருமே யோசிக்கவில்லை. 135இன் பொனெட்டின் கீல் முன்பக்கத்தில். ரிவர்சில் ஏற்றியதால் இயந்திரம் பின்னோக்கிப் பார்த்தபடி நிற்கிறது. அதாவது பொனெட் திறக்கும் பக்கம் எதிர்காற்றுக்கு. புத்தளம் தாண்டி இருட்டில் போகும்போது படீரென்று ஒரு சத்தம், பொனெட் நட்டுக்குத்தாக எழுந்து ஆடிக்கொண்டிருந்தது. ஒரு கீல் முறிந்துவிட்டது. பொனெட்டைச் சுற்றி ஒரே ஒரு கயிறு போட்டிருந்தால் போதும்.

அனுராதபுரத்துக்கு இப்பால் பொலிஸ் மறித்தது. நள்ளிரவில் லொறியில் உழவு இயந்திரம் என்றால் திருட்டோ என்று சந்தேகிப்பது அவர்கள் கடமை, அதில் எனக்குக் குறை இல்லை. பதிவுப் புத்தகம், விற்றவர் கையெழுத்திட்ட உரிமை மாற்றப் படிவம், அவரது அடையாள அட்டைப் பிரதி, வருமான அனுமதிப்பத்திரம் எல்லாம் இருந்தன. குறை வேறு. வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதி, கையெழுத்துப் போடு என்றார்கள். எனக்குச் சிங்களம் பேச வரும், வாசிக்க வராது. தமிழில் எழுதித் தர ஆள் இல்லை, வேண்டுமானால் காலை வரை இரு என்றார்கள். 1987இல் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழியானது. முப்பது வருடம் கழித்தும் நான் வாசிக்க முடியாத தாளில் கையெழுத்திட வேண்டியிருந்தது. கேள்விக்கு இது சம்பந்தமில்லை என்று சொல்வீர்கள். இந்த வீதியால் போகிற தமிழனுக்குச் சம்பந்தம் உண்டு. கொழும்பில் இத்தனை வருடம் இருந்தும் நீ ஏன் வாசிக்கப் படிக்கவில்லை என்று கேட்கிறவர்கள், அந்தப் பொலிஸ்காரர்கள் ஏன் தமிழ் படிக்கவில்லை என்றும் கேட்கட்டும்.

கடைசியில் லொறிக்காரர்தான் தாளை வாங்கி வரிவரியாக எனக்குச் சொன்னார். சேசிஸ் இலக்கத்தில் இரண்டு எண்கள் இடம்மாறி எழுதப்பட்டிருந்ததை அவர்தான் கண்டுபிடித்தார். அதைத் திருத்தாமல் கையெழுத்திட்டிருந்தால் என் புத்தகமும் என் வாக்குமூலமும் இரண்டு வேறு இயந்திரங்களைச் சொல்லியிருக்கும். ஆகவே பணம் கொடுக்கும் முன்பே சேசிஸ் இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் துருவைச் சுரண்டிப் பார்த்து, புத்தகத்தோடு ஒப்பிட்டு, படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

விடிந்தபின் உருத்திரபுரத்தில் வாய்க்கால் கட்டோடு லொறியை ஒட்டவிட்டு, லோ கியரில் முன்பக்கமாக இறக்கினோம். அதில் சொல்ல ஒன்றுமில்லை, ஐந்து நிமிட வேலை. அப்பா ஏறி உட்காரவில்லை. முதலில் சங்கிலி போட்ட நான்கு இடங்களையும் குனிந்து தடவிப் பார்த்துவிட்டு, "தம்பி, அச்சில்தான் போட்டிருக்கிறாய்" என்றார்.

அந்த நான்கு சங்கிலிகளும் இறுக்கிகளும் கொட்டாஞ்சேனை வீட்டில் சாக்கில் கட்டிக் கிடக்கின்றன. கிரீஸ் பூசித்தான் வைத்திருக்கிறேன். எந்தக் கிழமை ஏற்றுகிறீர்கள் என்று கீழே எழுதுங்கள், வந்து எடுத்துக்கொண்டு போகலாம்.