ஜூலைல தான் 3 வயசு முடியுது, ஜூன்லயே எல்கேஜி போடலாமா?

கேள்வி: அக்கா, என் பொண்ணுக்கு வர்ற ஜூலை 25 வந்தா தான் 3 வயசு முடியும். கிருஷ்ணகிரில ஒரு ப்ரைவேட் ஸ்கூல்ல இந்த ஜூன்லயே எல்கேஜி போட்டுடுங்கன்னு சொல்றாங்க, வேன் காலைல ஏழரைக்கே வந்துடுமாம். மாமியார் பச்சப்புள்ளைய இப்பவே எதுக்கு தொரத்தறன்னு கேக்கறாங்க, வீட்டுக்காரரோ ஒரு வருஷம் வேஸ்ட்டாயிடும்ங்கறார். பாப்பா ஏபிசிடி, ரைம்ஸ் எல்லாம் கடகடன்னு சொல்லுவா. ஆனா ஒண்ணுக்கு வந்தா என்கிட்ட மட்டும் தான் சொல்லுவா. போடலாமா வேணாமா?
- ஒரு வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்: இந்த விஷயத்துல நான் உங்க மாமியார் கட்சிம்மா. ஜூலை 31க்குள்ள 3 முடிஞ்சா எல்கேஜிக்கு வயசு சரி தான், ஆனா கிளாஸ்லயே சின்னவ உங்க பொண்ணா தான் இருப்பா, பக்கத்துல உக்கார்ற புள்ளைக்கு கிட்டத்தட்ட 4 ஆயிருக்கும், இந்த வயசுல பத்து மாசம்ங்கறது சாதாரண வித்தியாசம் இல்ல.

ஏபிசிடிய விடுங்க, அத சொல்லிக் குடுக்கத் தானே பீஸ் வாங்கறாங்க. நீங்க பாக்க வேண்டியது வேற. அவசரம்னா மிஸ்கிட்ட வாயத் தொறந்து சொல்லுவாளா, டப்பாவத் தொறந்து கொட்டியாவது தானே சாப்பிடுவாளா, நீங்க இல்லாம ரெண்டு மணி நேரம் இருப்பாளா, "செருப்ப கழட்டிட்டு வந்து உக்காரு"ன்னு ரெண்டு வேலைய சேத்து சொன்னா புரியுதா. மொத நாள் அழறதெல்லாம் கணக்குல சேராது, எல்லா புள்ளைங்களும் அழும். ஆனா ஒண்ணுக்கு சொல்லத் தெரியாம அடக்கி அடக்கி வெச்சிக்கிட்டா யூரின் இன்பெக்ஷன் வரைக்கும் போகும், ஏழரை மணி வேன்னா ஊரெல்லாம் சுத்தி தான ஸ்கூல் போகும், அதுவரைக்கும் பாப்பா என்ன பண்ணுவா?

வருஷம் வேஸ்ட்டுங்கறது சும்மா. அடுத்த ஜூன்ல எல்கேஜி போட்டா ஒண்ணாங்கிளாஸ் போறப்ப 6 வயசு ஆகப் போகுது, தமிழ்நாட்டுல 5 முடிஞ்சாலே போதும்ங்கறாங்க, அப்பறம் என்ன அவசரம்? அதுவரைக்கும் உங்க தெரு அங்கன்வாடில விடுங்க, 2 வயசு முடிஞ்சாலே சேத்துக்குவாங்க, மத்தியானம் சாப்பாடு, வாரத்துல 3 நாள் முட்டை, காசும் கிடையாது. பால்வாடின்னா கௌரவக் கொறச்சல்னு வீட்டுக்காரர் மூஞ்சிய தூக்கலாம், தூக்கட்டும். டீச்சரம்மாகிட்ட ஒண்ணுக்கு கேட்டுப் பழகிட்டான்னா பாதி வேலை முடிஞ்சிது.

ஒரே ஒரு விஷயத்துல மட்டும் உஷாரா இருங்க. ஆர்டிஇ, அதான் கல்வி உரிமைச் சட்டப்படி ப்ரைவேட் ஸ்கூல்ல குடுக்கற 25 சதவீத இலவச சீட்டுக்கு அப்ளை பண்ற ஐடியா இருந்தா தள்ளிப் போடாதீங்க, அதுல எல்கேஜிக்கு ஜூலை 31 கணக்குப்படி 3 முடிஞ்சி 4 முடியாம இருக்கணும், அடுத்த வருஷம் ஆறு நாள்ல உங்க பொண்ணு வயசு தாண்டிடுவா. அப்படி இந்த வருஷமே சேக்கற மாதிரி ஆச்சுன்னா மொத கொஞ்ச மாசம் வேன் வேணாம், வீட்டுக்காரர வண்டில கொண்டு போய் விடச் சொல்லுங்க, அவருக்குத் தான அவசரம்.