கப்பல் என்றைக்கு என்று முதலில் கேளுங்கள்

படிப்புப் பயணமாகக் கோஸ்டா ரிக்கா செல்லும் மாணவர்களும் உடன் செல்லும் ஆசிரியர்களும் கேட்டவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: வேளாண் வணிகம் படிக்கும் பன்னிரண்டு பேர் போகிறோம். லிமோன் மாகாணத்தில் ஓர் ஏற்றுமதி வாழைத் தோட்டத்தைப் பார்க்க இரண்டே நாள்தான் கிடைக்கும். எதில் தொடங்குவது?

பதில்: அனுமதி கேட்டு எழுதும் கடிதத்திலேயே "அந்த வாரம் வெட்டு என்றைக்கு?" என்று கேட்டுவிடுங்கள். ஏற்றுமதித் தோட்டத்தில் பழம் தயாரானதைப் பார்த்து மட்டும் தார் வெட்டுவதில்லை. மொயின் துறைமுகத்தில் கப்பல் என்றைக்கு நிற்கிறதோ, அங்கிருந்து பின்னோக்கி எண்ணித்தான் வெட்டு நாளைக் குறிப்பார்கள். தெரியாமல் வெட்டில்லாத நாளில் போய் இறங்கினால், கழுவிக் கவிழ்த்த தொட்டிகளைப் படமெடுத்துக்கொண்டு திரும்ப வேண்டியதுதான். ஒரு நாள் வெட்டு நாளாகவும் மற்றது வெட்டில்லாத நாளாகவும் அமைந்தால் நல்லது. இரண்டாவதில்தான் உறை போடுவது, பக்கக்கன்று கழிப்பது, தார் பாரத்தில் மரம் சாயாமல் நைலான் கயிறு இழுத்துக் கட்டுவது போன்ற வேலைகளை நிதானமாகப் பார்க்கலாம்.

தோட்டத்துக்குள் போனதும் ஒரு ரிப்பனைப் பிடித்துக்கொள்ளுங்கள். தார் தள்ளியதும் ஆண்பூவையும் நுனியில் உள்ள சிறு சீப்புகளையும் நீக்கி, நீல நிற பாலித்தீன் உறை மாட்டுவார்கள். அப்போது அந்த வாரத்துக்குரிய நிறத்தில் ஒரு ரிப்பன் கட்டப்படும். அடுத்த வாரம் வேறு நிறம். பதினொன்று பன்னிரண்டு வாரம் கழித்து வெட்டுக் குழு வரும்போது, இந்த நிறம் என்றால் அளந்து பார்த்து வெட்டு, அதைவிட மூத்த நிறம் என்றால் பருமனைப் பார்க்காதே, எதுவானாலும் இறக்கு என்று உத்தரவு இருக்கும். காரணம் எளிது. வயது கடந்த தார் பெட்டிக்குள் போனால் நடுக்கடலில் பழுத்துவிடும். ஒரு காய் பழுத்து, பழுக்கவைக்கும் வாயுவான எத்திலீனை விட ஆரம்பித்தால் அந்தக் கன்டெய்னரில் உள்ள மற்றவையும் பின்னாலேயே பழுக்கும்.

கட்டிய ரிப்பன்களின் எண்ணிக்கை அலுவலகப் பதிவேட்டில் இருக்கும். கப்பலில் இடம் பதிவு செய்வதும் அதை வைத்துத்தான். நூறு கட்டி எண்பத்தெட்டு திரும்பியிருந்தால் மீதிப் பன்னிரண்டு எங்கே என்று கேளுங்கள். காற்றில் ஒடிந்தது, நூற்புழுவால் வேர் போய்ச் சாய்ந்தது, கயிறு சரியாகக் கட்டாமல் விழுந்தது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை வரும். தோட்டத்தின் உடல்நிலையை அந்த ஒரு கேள்வி காட்டிவிடும் அளவுக்கு எந்த வரவேற்புரையும் காட்டாது.

கேள்வி: சொந்தக் காலணியோடு வரக் கூடாது என்கிறார்கள். அவ்வளவு கண்டிப்பு தேவையா?

பதில்: தேவைதான், விட்டுக்கொடுக்காதீர்கள். டிஆர்4 எனப்படும் வாடல் நோய்ப் பூஞ்சை மண்ணில் இருபது ஆண்டுகளுக்கு மேலும் உயிரோடு கிடக்கும். ஏற்றுமதிக்குப் பயிராகும் கேவண்டிஷ் வாழைக்கு அதைத் தாங்கும் சக்தி இல்லை, மருந்தும் இல்லை. இதன் முந்தைய வகை குரோ மிஷேல் ரகத்தையே சந்தையிலிருந்து ஒழித்தது. அந்த இடத்துக்கு வந்ததுதான் கேவண்டிஷ். ஆசியாவில் பரவிக் கிடந்த டிஆர்4, 2019இல் கொலம்பியாவிலும் 2021இல் பெருவிலும் உறுதியானது. ஆசியாவின் வாழைத் தோட்டம் எதையாவது மிதித்த காலணியின் பள்ளத்தில் ஒட்டிய ஒரு சிட்டிகை மண் போதும்.

எனவே தோட்டம் தரும் ரப்பர் பூட்ஸையே போடுங்கள். வாசலில் உள்ள கிருமிநாசினித் தொட்டியில் கால் வைக்குமுன் அடிப்பகுதியைத் தூரிகையால் தேய்த்து மண்ணை அறவே நீக்குங்கள். பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். மண்ணும் சருகும் ஒட்டியிருந்தால் தொட்டியில் உள்ள அம்மோனியச் சேர்மக் கரைசல் அவற்றோடு சேர்ந்து செயலிழந்துவிடும். நனைத்ததும் தாண்டி ஓடாமல் சற்று நின்று வாருங்கள். கேமரா முக்காலியின் கால்களையும் துடையுங்கள், அதை எல்லாரும் மறக்கிறார்கள்.

கேள்வி: தொழிலாளிகளிடம் கூலி பற்றிக் கேட்டால் "பரவாயில்லை" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள் என்று போன ஆண்டு சென்றவர்கள் சொன்னார்கள். எப்படிக் கேட்பது?

பதில்: கங்காணி பக்கத்தில் நிற்கும்போது வேறு என்ன சொல்வார்கள்? மேற்பார்வையாளரை விட்டு விலகி, வேலைக்குப் பிறகு, பெயர் கேட்காமல் பேசுங்கள். "திருப்தியா?" என்ற கேள்வியே வேண்டாம். நேற்று எத்தனை மணிக்கு வந்தீர்கள், எத்தனை இழுவை இழுத்தீர்கள், எப்போது வீடு போனீர்கள் என்று கேளுங்கள். எண்ணுக்குப் பயம் கிடையாது.

வெட்டிய தாரைக் கம்பிப்பாதையில் தொங்கவிட்டு, இருபது இருபத்தைந்து தார்களை ஒரு தொடராகக் கோத்து, ஒருவர் இடுப்பில் கயிறு கட்டிப் பேக்கிங் கூடத்துக்கு இழுத்து வருவார். தார் ஒன்று 28 கிலோ என்று வைத்தாலும் 25 தாருக்கு 700 கிலோ. பத்து இழுவை என்றால் 7 டன். கப்பிகள் உருளுவதால் பாரம் குறையும்தான், ஆனால் மேடும் வளைவும் இழுப்பவர் இடுப்புக்குத்தான் தெரியும். வயலின் கடைக்கோடியிலிருந்து கூடம் எவ்வளவு தூரம் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு இழுவைக்கு ஒரே கூலி என்றால், தூரத்து வயல் கிடைத்தவருக்கு அன்று நட்டம்.

வேலைக்கேற்ற கூலி முறையில் பார்க்க வேண்டிய இடம் காத்திருப்பு. லாரி தாமதம், கம்பி அறுந்தது, பெட்டி வரவில்லை. அந்த நேரத்துக்கு யார் பணம் தருகிறார்கள்? வேலையளவுக் கூலி வாங்குபவருக்கும் ஒரு நாள் வருமானம் அரசு நிர்ணயித்த குறைந்தபட்சத்துக்குக் கீழே போகக் கூடாது என்பது அந்நாட்டு விதி. 1943ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டப்படி பகல் வேலை நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி. அதற்கு மேல் ஒன்றரை மடங்கு. ஆண்டுச் சம்பளத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு டிசம்பரில் தனியாகக் கிடைக்க வேண்டும், அதை "அகினால்தோ" என்பார்கள். சமூகக் காப்புறுதி நிறுவனத்தை எல்லாரும் "காஹா" என்றுதான் சொல்வார்கள். "காஹாவில் உங்கள் பெயர் இருக்கிறதா?" என்று கேட்டால் பதில் ஒரே சொல்லில் வரும்.

முதல் மூன்று மாதத்துக்குள் நிறுத்தினால் முன்னறிவிப்போ பணிநீக்கத் தொகையோ தர வேண்டியதில்லை. அதனால் ஒப்பந்தக்காரர் மூலம் ஆள் எடுக்கும் இடங்களில், குறிப்பாக அன்னாசித் தோட்டங்களில், மூன்று மாதத்துக்குள் முடியும் ஒப்பந்தங்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். அங்கே நிகராகுவாவிலிருந்து வந்தவர்கள் அதிகம். உரிமைக் கணக்கு பூஜ்யத்திலிருந்து திரும்பத் திரும்பத் தொடங்கினால் ஆண்டுக்கணக்காக உழைத்தவரும் புதியவரே.

கேள்வி: தொழிற்சங்கம் இருக்கிறதா என்று கேட்டால் "அசோசியேஷன் இருக்கிறது" என்கிறார்கள். இரண்டும் ஒன்றா?

பதில்: இல்லை. அது "சோலிதாரிஸ்மோ" என்ற அமைப்பு. தொழிலாளியின் சேமிப்பும், பணிநீக்கத் தொகையின் முன்பணமாக முதலாளி போடும் பங்கும் சேர்ந்த நிதி. கடன் தரும், லாபம் பகிரும், கடை நடத்தும். 1984இல் இதற்கெனத் தனிச் சட்டம் வந்தது. கூட்டுப் பேரம் பேசும் அதிகாரம் அதற்கு இல்லை. வாழைத் தோட்டங்களில் இது பரவிய அளவுக்குச் சங்கங்கள் சுருங்கின. லிமோனில் 1934இல் வாழைத் தொழிலாளர்கள் நடத்திய பெரும் வேலைநிறுத்தத்தைப் படித்துவிட்டுப் போனால் இன்றைய அமைதியின் பின்னணி புரியும். சங்கத்தோடு செய்த கூட்டு ஒப்பந்தமா, மூன்று பேர் கொண்ட தொழிலாளர் குழுவோடு செய்த நேரடி உடன்பாடா என்று கேளுங்கள். இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டு அறிக்கை எழுதிவிடாதீர்கள்.

கேள்வி: பேக்கிங் கூடத்தில் எதை அளப்பது? எல்லாம் வேகமாக நடக்கிறது.

பதில்: வேகத்தோடு ஓடாமல் ஒரு சீப்பை மட்டும் கண்ணால் தொடருங்கள். கூடத்து வாசலில் தார் தொங்கும்போதே கவராயம் போன்ற அளவுகோலால் நடுக்காயின் பருமன் பார்ப்பார்கள். அதில் 39 என்றால் 39/32 அங்குலம், சுமார் 31 மி.மீ. ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி குறைந்தபட்சம் 27 மி.மீ. பருமனும் 14 செ.மீ. நீளமும் வேண்டும். வாங்குபவர் கேட்பது பெரும்பாலும் அதைவிடக் கூடுதல்.

வளைந்த கத்தியால் சீப்பை வெட்டியதும் தண்ணீர்த் தொட்டியில் விழும். வெட்டுவாயில் பால் வடிந்து நிற்கும்வரை அங்கேயே கிடக்க வேண்டும். அவசரத்தில் முன்னமே எடுத்தால் பால் தோலில் வழிந்து காய்ந்து கறுக்கும், பெட்டி திறந்தவர் திருப்பி அனுப்புவார். உங்கள் சட்டையில் பட்டாலும் அந்தக் கறை போகாது, பழையதைப் போட்டுப் போங்கள். பிறகு கொண்டைப் பகுதி அழுகாமல் பூஞ்சைக்கொல்லி, ஒட்டுச்சீட்டு, பெட்டி. பெட்டிக்கு நிகர எடை 18.14 கிலோ, அதாவது 40 பவுண்டு. வழியில் ஈரம் குறையும் என்பதால் சற்றுக் கூட்டியே வைப்பார்கள். ஒரு பலகைத் தட்டில் 54 பெட்டி அடுக்கினால், 20 தட்டு கொண்ட கன்டெய்னரில் 1080 பெட்டி.

கன்டெய்னருக்குள் குளிர் 13.3 டிகிரி செல்சியஸுக்கும் 14க்கும் இடையே. 13க்குக் கீழே போனால் தோலின் அடியில் பழுப்புக் கோடு விழும், பழுத்தாலும் சாம்பல் பூத்த மஞ்சள்தான். இது தோட்டத்தில் தெரியாது, பழுக்கவைக்கும் அறையில்தான் வெளியே வரும். அப்போது குற்றம் யாருடையது என்று சண்டை. கன்டெய்னரின் வெப்பப் பதிவுக்கருவியைத்தான் இரு தரப்பும் தேடும்.

இரண்டு எண்களைக் கேட்டு வாங்குங்கள். ஒரு தாருக்கு எத்தனை பெட்டி, நூறு கிலோவில் எத்தனை கிலோ கழிவு. பெட்டிக் கணக்கில் கூலி பெறுபவருக்கு இந்த இரண்டும்தான் சம்பளம். வாங்குபவர் தரத்தை ஒரு படி ஏற்றினால் கழிவு கூடும், அதே உழைப்புக்குப் பெட்டி குறையும். ஏற்றுமதிச் சந்தை தொழிலாளியின் கையைத் தொடும் இடம் அதுதான்.

கேள்வி: மருந்து விமானம் பறக்கும் என்கிறார்களே, பயப்பட வேண்டுமா?

பதில்: கருப்பு சிகடோகா இலைப்புள்ளி நோய்க்காக ஆண்டுக்கு நாற்பது தடவைக்கு மேலும் தெளிக்கும் தோட்டங்கள் உண்டு. அன்றைய தெளிப்பு நேரத்தையும், எவ்வளவு நேரம் கழித்து உள்ளே நுழையலாம் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். நீல உறைகளை வெறும் கையால் தொடாதீர்கள், பூச்சிமருந்து ஏற்றியதாக இருக்கலாம். 1970களில் நூற்புழுவுக்கு ஊற்றிய டிபிசிபி மருந்தால் கோஸ்டா ரிக்காவில் ஆயிரக்கணக்கான ஆண் தொழிலாளர்கள் மலடானார்கள். அமெரிக்க ஆலைத் தொழிலாளர்களிடம் 1977இல் பாதிப்பு தெரிந்த பின்னும் அது இங்கே 1979 வரை ஓடியது. இன்று எந்த மருந்து நிற்கும், எது போகும் என்பதை பழத்தில் எவ்வளவு மருந்து தங்கலாம் என்று இறக்குமதி நாடு விதிக்கும் எச்ச அளவே பெரிதும் தீர்மானிக்கிறது. குளோர்பைரிபாஸ் என்ற பூச்சிமருந்துக்கு ஐரோப்பா 2020இல் கிலோவுக்கு 0.01 மி.கி. என்று வரம்பைக் குறைத்ததும், அது ஏற்றிய உறைக்கு மாற்றுத் தேட வேண்டியதாயிற்று. வரம்பு பழத்துக்குத்தான். தெளிப்பவரின் உடம்பில் என்ன தங்குகிறது என்று தனியாகக் கேளுங்கள். சில பூச்சிமருந்துகள் உடம்பில் ஏறினால் குறையும் கோலினெஸ்டரேஸ் நொதிக்கு ரத்தப் பரிசோதனை செய்கிறார்களா என்பது நல்ல கேள்வி.

கேள்வி: டிசம்பர் விடுமுறையில்தான் போக முடியும். வாழை தவிர வேறென்ன?

பதில்: தர்ராசு மலைப்பகுதியில் காப்பிப் பறிப்பு அப்போதுதான். கூலி எடைக்கு இல்லை, "காஹுவேலா" என்ற 20 லிட்டர் பெட்டி அளவுக்கு. இருபது காஹுவேலா ஒரு "ஃபனேகா". ஒரு காஹுவேலாவுக்குக் குறைந்தபட்சக் கூலியை அரசே அறிவிக்கும். அளக்கும்போது பெட்டியின் விளிம்போடு தட்டுகிறார்களா, குவிக்கிறார்களா என்று பாருங்கள், குவியல் பறித்தவரின் இனாம். பனாமா எல்லைப் பக்கத்திலிருந்து ங்காபே பழங்குடிக் குடும்பங்கள் குழந்தைகளோடு வருகின்றன. வயலில் கிடக்காமல் அக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள "மகிழ்ச்சி இல்லங்கள்" என்ற பகல் காப்பகங்கள் உள்ளன, அனுமதி பெற்று ஒன்றைப் பாருங்கள். குவானகாஸ்தே சமவெளியில் கரும்பு வெட்டும் அதையொட்டித் தொடங்கும். அங்கே வெயில் வேலை, சிறுநீரகப் பாதிப்பு. 2015இல் வந்த வெப்பப் பாதுகாப்பு விதி தண்ணீர், நிழல், ஓய்வு வேண்டும் என்கிறது. வயலில் நிழல் எங்கே என்று தேடிப் பாருங்கள்.

கேள்வி: ஒரு மணி நேரம் நாங்களும் வெட்டிப் பார்க்கலாமா?

பதில்: வேண்டாம். வேலை விபத்துக் காப்பீடு ஊதியப் பட்டியலில் பெயர் உள்ளவருக்குத்தான். கத்தி உங்கள் கையில் பட்டால் மாட்டிக்கொள்பவர் கத்தியைக் கொடுத்த தொழிலாளி. தொங்கும் தாரின் கீழேயும் நிற்காதீர்கள்.