பழைய எண்களும் புதிய பதிப்பும்

கணினிச் செய்திகளை வானொலி அலையில் சிறு தொகுப்புகளாக அனுப்பும் பாக்கெட் ரேடியோவின் அறிவிப்புப் பலகை (பிபிஎஸ்) மென்பொருளை மாற்றுவது, பகிர்வது ஆகியவை பற்றி வந்த கேள்விகளுக்கு இம்முறை விடை தருகிறோம்.

கேள்வி: சில மாதங்களாக நடத்திவரும் எங்கள் ஹாம் (அமெச்சூர் வானொலி) குழுவின் பிபிஎஸ் நிலையத்தை வேறு கணினிக்கு மாற்றி, மென்பொருளின் புதிய பதிப்பை முதலிலிருந்து நிறுவினோம். பிறர் எழுதும் அறிவிப்புகள் ஒழுங்காக வந்து சேர்கின்றன. நாங்கள் எழுதுபவை மட்டும் எங்கும் பரவுவதில்லை. ஆண்டெனாவிலும் மோடத்திலும் குறை எதுவும் தெரியவில்லை.

பதில்: குறை பெரும்பாலும் கடித எண்ணில் இருக்கும் (பலகையில் வரும் அறிவிப்பும் ஒரு கடிதமே). ஒவ்வொரு அறிவிப்புக்கும் பிஐடி எனப்படும், 12 எழுத்துகளுக்கு மிகாத அடையாளம் ஒன்று உண்டு. நிலையத்தின் கடித வரிசை எண்ணையும், அதன் அடையாளப் பெயரான அழைப்புக்குறியையும் இணைத்து மென்பொருளே அதை உருவாக்குவது வழக்கம். ஒரே அறிவிப்பு பல திசைகளிலிருந்து வந்தாலும் ஒரு முறை மட்டுமே வாங்கிக்கொள்வதற்காக, ஒவ்வொரு நிலையமும் தான் கண்ட பிஐடிகளைப் பொறுப்பாளர் குறித்துள்ள காலம்வரை பட்டியலில் வைத்திருக்கும். நீங்கள் முதலிலிருந்து நிறுவியபோது வரிசை எண் மறுபடி 1-இல் தொடங்கியிருக்கும். எனவே இன்று எழுதும் 37ஆம் கடிதம், சில மாதங்களுக்கு முன் எழுதிய 37ஆம் கடிதத்தின் பிஐடியையே தாங்கிச் செல்கிறது. பக்கத்து நிலையமும் ‘இது முன்பே வந்ததுதான்’ என்று ஒதுக்கிவிடுகிறது.

இதை நீங்களே சரிபார்க்கலாம். எஃப்பிபி என்ற பிபிஎஸ் மென்பொருளின் முறையில் கடிதங்களைக் கடத்தும்போது, அனுப்பும் நிலையம் ஒரு தடவைக்கு அதிகபட்சம் 5 கடிதங்களை முன்மொழியும். எதிர்நிலையம் ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியைப் பதிலாகத் தரும்: கூட்டல் குறி என்றால் அனுப்பலாம், சமக்குறி என்றால் பிறகு பார்க்கலாம், கழித்தல் குறி என்றால் ஏற்கெனவே இருக்கிறது. உங்கள் பதிவுக் கோப்பில் நேற்றுதான் எழுதிய அறிவிப்புக்குக் கழித்தல் குறி வந்திருந்தால் காரணம் உறுதியாகிவிடும். முன்மொழிவே போகவில்லை என்றால் கதை வேறு. எந்த வகைக் கடிதம் எந்த நிலையத்துக்குப் போகவேண்டும் என்று சொல்லும் ஃபார்வர்டிங் அமைப்பு புதிய கணினிக்கு வந்து சேரவில்லை என்று பொருள்.

தீர்வு எளிது. பழைய நிலையம் கடைசியாகக் கொடுத்த எண்ணைக் கண்டறிந்து, அதைவிடத் தாராளமாகச் சில நூறு கூட்டி, புதிய நிலையத்தின் எண்ணை அங்கிருந்து தொடங்குங்கள். ஆனால் அடுத்த முறை முதலிலிருந்து நிறுவவே வேண்டாம். பழைய தரவுக் கோப்புகளையும் உடன் கொண்டுவாருங்கள். எஃப்பிபியில் கடிதத் தலைப்புகள் டிர்மெஸ்.சிஸ் என்ற கோப்பிலும், கண்ட பிஐடிகள் டபிள்யூஎஃப்பிஐடி.சிஸ் என்ற கோப்பிலும் இருக்கின்றன. இரண்டாவதை விட்டுவிட்டு வந்தால் எதிர்மாறான தொல்லை நேரும்: ஒரு நிலையத்திடம் வாங்கிய அறிவிப்பை இன்னொரு நிலையம் நீட்டும்போது, உங்கள் பிபிஎஸ் அதையும் புதிதென்று வாங்கி வைக்கும். பல ஆண்டுகள் ஓடிய நிலையத்தில் எண் 1-க்குத் திரும்பினாலும், பழைய சிறிய எண்கள் அண்டை நிலையங்களின் பட்டியலிலிருந்து கழிந்துபோயிருக்கக்கூடும் என்பதால் எதுவும் நடக்காமலே போகலாம். அப்படித் தப்பியவர்கள்தாம் ‘எண்ணைப் பற்றிக் கவலைப்படாதே’ என்று மற்றவர்களுக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

கேள்வி: புதிய பதிப்பின் நிரலை, இணைய வசதி இல்லாத நிலையங்களுக்குப் பாக்கெட் வழியாகவே அனுப்பிவிடலாமா?

பதில்: அனுப்ப முடியும், ஆனால் அனுப்பவேண்டியதில்லை என்பதே எமது கருத்து. 1200 பாட் (நொடிக்கு 1200 பிட்) வேகத்தில் ஒரு நொடிக்கு 150 பைட்டுக்கு மேல் போகாது. ஒரு மெகாபைட் கோப்பு, ஒரு பிழையும் ஒரு இடைவெளியும் இல்லாமல் ஓடினாலே ஏறத்தாழ 1 மணி 56 நிமிடம் பிடிக்கும். நடைமுறையிலோ, ஒன்றையொன்று கேட்காத இரு நிலையங்கள் ஒரே நேரத்தில் பேசி மோதுவதாலும், ஒவ்வொரு தொகுப்புக்கும் ஒப்புதல் வரக் காத்திருப்பதாலும் அந்த நேரம் பல மடங்காகும்; அவ்வளவு நேரமும் அதே அலைவரிசையில் கடிதம் படிக்க வருபவர் காத்துக்கிடக்கவேண்டும்.

முன்பு இந்த வேலைக்கென்றே 7பிளஸ் என்ற நிரல் பரவலாகப் பயன்பட்டது. அது இரும வடிவிலான கோப்பை அச்சிடத்தக்க எழுத்துகளாக்கிப் பல துண்டுகளாகப் பிரித்து, அறிவிப்புகளாகவே அனுப்ப வழி செய்தது. துண்டு பழுதாகிப்போனால் பெறுபவர் பிழைக் கோப்பு ஒன்றை அனுப்பி, அதற்குரிய திருத்தக் கோப்பைக் கேட்டு வாங்கலாம். திறமையான ஏற்பாடுதான். ஆனால் கேட்டவரும் கேட்காதவரும் சேர்ந்து அத்துண்டுகளைச் சுமந்தார்கள்.

நிரலை நினைவுக் குச்சியில் கையோடு கொடுத்துவிட்டு, புதிய பதிப்பு வந்துள்ள செய்தி, என்ன மாறியிருக்கிறது என்ற சுருக்கமான பட்டியல், கோப்பின் சரிபார்ப்புத் தொகை ஆகியவற்றை மட்டும் வானொலியில் அனுப்புங்கள். பெற்றவர் தம்மிடமுள்ள கோப்பு பழுதற்றதா என்று அந்தத் தொகையைக் கொண்டு சோதித்துக்கொள்வார். இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. பழைய பிபிஎஸ் நிரல்கள் பலவற்றை, அமெச்சூர் பயன்பாட்டுக்கு மட்டும், விலையின்றி மட்டும் பகிரலாம் என்ற நிபந்தனையோடுதான் எழுதியவர்கள் வெளியிட்டார்கள். உடன் வரும் உரிமக் கோப்பை நீக்காமல் கொடுங்கள். மேலும், ‘அப்படியே ஓடும் தொகுப்பு’ என்று உங்கள் கோப்புறை முழுவதையும் நகலெடுத்துக் கொடுத்தால், உங்கள் பொறுப்பாளர் கடவுச்சொல்லும் அதனுடன் போய்விடும்.

கேள்வி: எல்லா நிலையங்களும் ஒரே நாளில் புதிய பதிப்புக்கு மாறவேண்டுமா? எங்கள் நிலையம் மட்டும் மாறியபின், கடிதப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் திரையில் புரியாத எழுத்துகள் ஓடுகின்றன. இது விதிமீறல் ஆகாதா?

பதில்: ஒரே நாளில் மாறவேண்டியதில்லை. இணைப்பு கிடைத்தவுடன் ஒவ்வொரு நிலையமும் தன் மென்பொருளின் பெயர், பதிப்பு, தனக்குத் தெரிந்த வசதிகள் ஆகியவற்றைச் சதுர அடைப்புக்குள் ஒரே வரியில் அறிவித்துக்கொள்ளும். இருவருக்கும் பொதுவான முறையிலேயே கடத்தல் நடக்கும். உங்கள் பழைய பதிப்பில் அணைந்திருந்த, கடிதங்களைச் சுருக்கி அனுப்பும் வசதி புதியதில் இயங்கத் தொடங்கியிருக்கும். அதனால்தான் அந்த எழுத்துகள். பன்னாட்டு வானொலி விதிகளின் 25ஆம் பிரிவு, வெவ்வேறு நாட்டு அமெச்சூர் நிலையங்களுக்கிடையே பொருளை மறைக்கும் நோக்கத்துடன் குறியாக்கம் செய்வதைத்தான் தடுக்கிறது. யாவரும் அறிய வெளியிடப்பட்ட சுருக்க முறையின் நோக்கம் நேரத்தை மிச்சப்படுத்துவது மட்டுமே. ஆயினும் உங்கள் நாட்டு உரிம விதிகளையும் ஒரு முறை படித்துவிடுங்கள்.

கேள்வி: புதிய பதிப்பைப் பழையதோடு சேர்த்து ஓட்டிச் சோதிக்கலாமா?

பதில்: ஓட்டலாம். ஒரே அழைப்புக்குறியின் பின்னால் 0 முதல் 15 வரை துணை எண் சேர்க்க, பாக்கெட் ரேடியோவின் ஏஎக்ஸ்.25 நெறிமுறை இடம் தருவதால், சோதனை நிலையத்துக்கு வேறு துணை எண் கொடுங்கள். ஆனால் பிஐடியில் துணை எண் சேராது என்பதால், சோதனை நிலையத்தின் ஃபார்வர்டிங் முழுவதும் அணைந்திருக்கட்டும். புதிய பதிப்பு முதன்முறை இயங்கும்போதே கடிதத் தலைப்புக் கோப்பின் வடிவத்தை மாற்றி எழுதிவிடக்கூடும். அதன்பின் பழைய பதிப்பால் அதைப் படிக்க இயலாது. ஆகவே காப்பு நகலை, பழைய நிரல் நிறுத்தப்பட்டிருக்கும் வேளையில், புதியதைத் தொடங்குவதற்கு முன்பே எடுங்கள்.