புது வீடு, புது அண்டை

கேள்வி: சிங்கப்பூரின் தோ பாயோவில் இருபது ஆண்டுகள் வாழ்ந்துவிட்டு, பொங்கோலில் புதிய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்கு இரண்டு வாரங்களுக்கு முன் மாறினோம். ஒருவரையும் தெரியாத இடத்தில் எங்கிருந்து தொடங்குவது?

பதில்: குடிபுகுந்த 28 நாள்களுக்குள் முகவரி மாற்றத்தைக் குடிநுழைவு, சோதனைச் சாவடி ஆணையத்திடம் தெரிவிப்பது சட்டக் கடமை; அதை உடனே முடித்துவிடுங்கள். மின்தூக்கி, தாழ்வாரம் ஆகியவற்றின் பராமரிப்புக்கு நகர மன்றம் உள்ளது.

ஆனால், உங்கள் ஏக்கம் மனிதர்களைப் பற்றியது. 1978இல் தொடங்கிய குடியிருப்பாளர் குழுக்கள் அண்டை வீட்டாரிடையே பழக்கத்தை வளர்க்கவே உருவானவை என்பதால், உங்கள் வட்டாரக் குழுவின் அடுத்த நிகழ்ச்சிக்குப் பார்வையாளராக அன்றி, நாற்காலி அடுக்கவும் பரிமாறவும் முன்வரும் தொண்டூழியராகச் செல்லுங்கள். சேர்ந்து வேலை செய்தவர்களின் முகம் மறப்பதில்லை. தீபாவளி வரும்வரை காத்திராமல், இந்த வாரமே எதிர்வீட்டுக் கதவை ஒரு தட்டு முறுக்கோடு தட்டுங்கள். அவர்கள் எதை உண்பார்கள், எதைத் தவிர்ப்பார்கள் என்று கேட்பதிலேயே பேச்சு தொடங்கிவிடும்.