சின்னப் பிள்ளைக்கு வயிற்றோட்டமும் வாந்தியும்: வீட்டுப் பராமரிப்புக் கேள்வி பதில்

மாரி மழையுடன் கூடிவரும் இந்நோய் பற்றி மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டத் தாய்மார் கேட்டவற்றுக்குச் சிறுவர் விடுதித் தாதி ஒருவர் பதிலளிக்கிறார்.

வாழைச்சேனை: மிஸ், என் ஒன்றரை வயது மகன் ஜீவனியை (நீரிழப்பை ஈடுசெய்யப் பொதியில் வரும் உப்புச் சீனிக் கரைசல்) குடித்த உடனேயே வாந்தியெடுக்கிறான். நிறுத்திவிடவா?

நிறுத்த வேண்டாம், மகள். கொடுக்கும் விதத்தை மாற்றுங்கள். தாகத்திலிருக்கும் பிள்ளை கோப்பையைக் கண்டால் ஒரே மூச்சில் குடித்துவிடும், நொந்திருக்கும் இரைப்பை அதைத் தாங்காது. வாந்தி எடுத்தபின் பத்து நிமிடம் பொறுத்து, இரண்டு நிமிடத்துக்கு ஒரு தேக்கரண்டி வீதம் கொடுங்கள். அற்பமாகத் தோன்றினாலும் ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 150 மில்லிலீற்றர் உள்ளே போய்விடும். கரண்டியைத் தட்டிவிடும் பிள்ளைக்கு ஊசியில்லாத சிறிஞ்சால் கன்னத்தின் உட்புறமாகச் சிறிது சிறிதாக விடலாம். வாந்தி தணிந்தபின், ஒவ்வொரு முறை தண்ணீராகப் போகும்போதும் இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு 50 முதல் 100 மில்லிலீற்றர் வரை கொடுக்க வேண்டும். இந்த நோயில் பிள்ளைக்கு ஆபத்து விளைவிப்பது பெரும்பாலும் நீரிழப்பே என்பதால், போவதை நிறுத்துவதைவிடப் போனதை ஈடுசெய்வதே நம் வேலை.

திருக்கோவில்: ஜீவனியை ஒரு போத்தல் தண்ணீரில்தானே கரைக்க வேண்டும்?

இங்கேதான் பலர் தவறுகிறார்கள். நாம் போத்தல் என்று அளக்கும் வழக்கமான போத்தல் 750 மில்லிலீற்றரே கொள்ளும். ஒரு லீற்றருக்கான பொதியை அதில் கரைத்தால் உப்பு மிஞ்சி, பிள்ளைக்குத் தீங்காகும். ஒரு லீற்றர் என்று அச்சிட்ட வெற்றுத் தண்ணீர்ப் போத்தலால் கொதித்தாறிய நீரை அளந்து, பொதி முழுவதையும் ஒரே தடவையில் கரையுங்கள். கரைத்தபின் கொதிக்கவைப்பதோ சீனி சேர்ப்பதோ கூடாது. 24 மணி நேரத்துக்குப்பின் மிஞ்சியதை ஊற்றிவிடுங்கள். இரவில் பொதி கிடைக்காவிட்டால், ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் ஆறு மட்டத் தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து, பொதி கிடைக்கும்வரை சமாளிக்கலாம்.

காத்தான்குடி: பல் முளைப்பதால்தான் போகிறது, சாப்பாட்டை நிறுத்தி இளநீரும் சோடாவும் மட்டும் கொடு என்கிறார் மாமி.

மாமியின் அக்கறை புரிகிறது. ஆனால் பல் முளைப்பதால் வயிற்றோட்டம் வருவதில்லை. அந்த வயதில் கையில் அகப்படுவதையெல்லாம் பிள்ளை வாயில் வைப்பதால் கிருமி போகிறது. தாய்ப்பாலை ஒருபோதும் நிறுத்தாதீர்கள். பசித்தால் குழைந்த சோறும் பருப்பும், கஞ்சி, வாழைப்பழம், தயிர் ஆகியவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம். இளநீரில் பொட்டாசியம் நிறைய உண்டு, சோடியம் குறைவு. ஆகவே அது ஜீவனிக்குத் துணையாகலாம், மாற்றாகாது. சோடாவிலும் பெட்டிப் பழரசத்திலும் உள்ள மிகுந்த சீனி குடலுக்குள் நீரை இழுத்து வயிற்றோட்டத்தைக் கூட்டிவிடும்.

அக்கரைப்பற்று: பார்மசியில் நிறுத்தும் மருந்து வாங்கலாமா?

வேண்டாம். லோப்பரமைட் போன்றவை சின்னப் பிள்ளைகளுக்கு ஆபத்தானவை. பெரும்பாலும் வைரஸே காரணம் என்பதால் அன்ரிபயோட்டிக்கும் பயன்தராது. வைத்தியர் சிங்க் (துத்தநாக) மருந்து தந்தால் மட்டும், வயிற்றோட்டம் நின்றபின்பும் சொன்ன நாள்வரை கொடுத்து முடியுங்கள்.

படுவான்கரை: எப்போது ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்?

மலத்தில் இரத்தம், பச்சை நிற வாந்தி, கரண்டியால் கொடுத்தும் எதுவும் தங்காமை, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் கழிக்காமை, குழிவிழுந்த கண்கள், கண்ணீரில்லாத அழுகை ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் காத்திருக்காதீர்கள். எழுப்ப முடியாமல் துவண்டு கிடந்தால் உடனே 1990 அம்புலன்ஸை அழையுங்கள். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தையை எப்படியும் காட்டிவிட வேண்டும். வெள்ளத்தில் பாதை மூடப்படும் பகுதியில் இருப்போர், பொழுதுபடும்வரை பார்ப்போம் என்று இராமல் முற்பகலிலேயே புறப்படுவது புத்தி.

கல்முனை: மூத்த பிள்ளைக்குத் தொற்றாமல் தடுப்பது எப்படி?

பம்பஸ் மாற்றியபின்னும் சமைக்குமுன்னும் சவர்க்காரத்தால் கை கழுவுங்கள். சில வயிற்று வைரஸ்களுக்குச் சானிடைசர் போதாது. கடைசியாக வாந்தியோ வயிற்றோட்டமோ வந்து 48 மணி நேரம் கழியும்வரை பாலர் பாடசாலைக்கு அனுப்பாதீர்கள். வெள்ளநீர் புகுந்த கிணறானால், பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லிக் குளோரின் இடுவியுங்கள். அதன் பின்பும் குடிநீரைக் கொதிக்கவைத்தே கொடுங்கள்.