இடது காதுக்கு மட்டும் இன்னும் ரிட்டயர்மென்ட் இல்லை

"ஓய்வு பெற்ற பெண்களே, பார்த்த வேலையை இப்போது எப்படி நினைத்துப் பார்க்கிறீர்கள்? புதிதாக ஏதாவது பொழுதுபோக்கு பிடித்துக்கொண்டதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு இரண்டும் ஒரே கதைதான்.

1977-ல், 20 வயதில், டெலிபோன் ஆபரேட்டராகச் சேர்ந்தேன். ஆபரேட்டர் இல்லாமல் நாமே வெளியூருக்கு டயல் செய்யும் எஸ்டிடி, லக்னோவுக்கும் கான்பூருக்கும் இடையே 1960-லேயே வந்துவிட்டது. ஆனால் நான் சேர்ந்த எக்ஸ்சேஞ்சில் அப்போதும் வெளியூருக்குப் பேச ஆபரேட்டரிடம் ட்ரங்க் கால் புக் பண்ணிவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். எனக்கு முன்னால் ஒரு போர்டு. அதில் வரிசையாகத் துளைகள், குட்டி விளக்குகள், கீழே ஜோடி ஜோடியாக வயர்கள். விளக்கு எரிந்தால் ஒரு வயரைச் சொருகி "நம்பர் ப்ளீஸ்" என்பேன். அதன் ஜோடியை வேறு துளையில் சொருகினால் லைன் சேர்ந்துவிடும். பேச ஆரம்பித்த நேரத்தைச் சீட்டில் எழுதி, 3 நிமிடம் ஆனதும் குறுக்கே புகுந்து "டைம் ஆச்சு, நீட்டிக்கட்டுமா?" என்று கேட்க வேண்டும். அழுதுகொண்டிருப்பவரிடமும் கேட்டாக வேண்டும். அது மட்டும் எனக்குக் கடைசி வரை பழகவில்லை.

வேலை பிடித்திருந்ததா என்றால், பாதி பிடித்தது. ஸ்பிளிட் டூட்டி என்று ஒன்று உண்டு. காலையில் பாதி, சாயங்காலம் பாதி. நடுவில் வீட்டுக்கு ஓடிவந்து, சமைத்து வைத்துவிட்டுத் திரும்ப ஓட வேண்டும். அதைக் கண்டுபிடித்தவர் சமையலறைப் பக்கமே போகாதவராகத்தான் இருப்பார்.

பிடித்த பாதி, குரல்கள். வெளியூர் எக்ஸ்சேஞ்சில் ஒரு அக்கா இருந்தார். லைன் கிடைக்கக் காத்திருக்கும் நேரத்தில் பேசிப் பேசியே பழக்கம். மாமியார் சண்டை முதல் மகளின் மார்க் வரை எல்லாம் தெரியும், முகம் மட்டும் தெரியாது. பல வருஷம் கழித்து ஒரு கல்யாண வீட்டில் பின்னாலிருந்து யாரோ "தண்ணி எங்கம்மா இருக்கு?" என்று கேட்டார்கள். திரும்பாமலே அக்காவின் பெயரைச் சொன்னேன். இரண்டு பேரும் அழுததைப் பார்த்துப் பந்தியே திகைத்துப் போனது.

அப்புறம் எல்லா ஊருக்கும் எஸ்டிடி வந்தது. போர்டைக் கழற்றி எடுத்துப் போனார்கள். நான் டெலிபோன் நம்பர் விசாரிக்கும் 197 சேவையில் நம்பர் சொல்லிக்கொண்டு இருந்தேன், பிறகு பில் கவுன்ட்டர். 2017-ல் ஓய்வு.

முதல் சில மாதம் வீடு ரொம்ப அமைதியாக இருந்தது. ஒருநாள் ஜன்னலுக்கு வெளியே 'ட்டுவீட் ட்டுவீட் ட்டுவீட்' என்று விடாமல் ஒரு சத்தம். இவ்வளவு பெரிய குரலுக்கு ஆள் எத்தனை பெரிதோ என்று தேடினால், கட்டைவிரல் அளவில் ஒரு தையல்சிட்டு! இலையைச் சுருட்டி நூல் கோத்துத் தைத்துக் கூடு கட்டுமே, அதேதான். அன்றைக்குப் பிடித்தது பைத்தியம்.

என் முழங்காலுக்குக் காடு மேடு சுற்றுவது ஆகாது. கண்ணும் அவ்வளவு கூர்மையில்லை. பைனாகுலரைத் தூக்கிக் கண்ணில் வைப்பதற்குள் பறவை போய்விடும். அதனால் காதால்தான் பார்க்கிறேன். கூவுகிற கருப்புக் குயில் ஆண், 'கிக் கிக்' என்று கத்துகிற புள்ளிக்காரி பெண். அடித்தொண்டையில் 'ஊப் ஊப்' என்றால் செம்போத்து. சுருதி ஏறிக்கொண்டே போய் உச்சியில் சட்டென்று நின்றால் அக்காக்குயில், அது ராத்திரியிலும் விடாது. நோட்டில் நேரம், திசை, எவ்வளவு நேரம் பேசியது என்று எழுதி வைக்கிறேன். மகன் எட்டிப் பார்த்துவிட்டு, "அம்மா, இது ட்ரங்க் கால் சீட்டு மாதிரியே இருக்கே" என்றான். சரிதான், அது கைப்பழக்கம். அந்த வேலையில் ஹெட்போன் மாட்டிய இடது காதைத்தான் இன்றைக்கும் சத்தம் வரும் பக்கம் திருப்புகிறேன்.

மருமகள் என் போனில் மெர்லின் செயலியைப் போட்டுக் கொடுத்தாள். சத்தத்தைக் கேட்டுப் பறவையின் பெயரைச் சொல்லும். எனக்கும் அந்தச் செயலிக்கும் தினமும் போட்டி. போன வாரம் ஒரு வல்லூறின் குரல் கேட்டது. செயலியும் வல்லூறு என்றது. மைனாக்கள் அலறிக்கொண்டு பறந்தன. எனக்கு மட்டும் என்னவோ இடித்தது. எட்டிப் பார்த்தால் கம்பியில் ஒரு கரிச்சான். வல்லூறு மாதிரிக் குரல் கொடுத்து மைனாக்களை விரட்டிவிட்டு, கீழே இருந்த பூச்சியைத் தான் எடுத்துக்கொண்டது.

அந்தக் காலத்தில் வரிசையை முந்துவதற்காகக் குரலைக் கனமாக்கிக்கொண்டு, "நான் டாக்டர் பேசறேன், அவசரம்" என்று லைன் கேட்பவர்கள் உண்டு. அவர்களையும் நான் இப்படித்தான் கண்டுபிடிப்பேன். நிஜ டாக்டர்கள் யாரும் அவ்வளவு பொறுமையாகப் பேச மாட்டார்கள்.