கரெல் ஷ்வார்சென்பெர்க்: பட்டம் இல்லாத ‘இளவரசர்’ – கேள்வி பதில்

செக் குடியரசின் வெளியுறவு அமைச்சராக இரண்டு முறை இருந்தவர், டாப் 09 கட்சியின் முதல் தலைவர், 2013 அதிபர் தேர்தலில் இரண்டாம் இடம் பிடித்தவர் கரெல் ஷ்வார்சென்பெர்க் (1937–2023). அவரைப் பற்றி வந்த கேள்விகளில், ஒரே விஷயத்தைக் கேட்டவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: செய்திகளில் ‘இளவரசர்’ என்றே எழுதுகிறார்கள். குடியரசு நாட்டில் இது எப்படிச் செல்லும்?

செல்லாது. செக்கோஸ்லோவாக்கியா பிறந்த இரண்டாவது மாதத்திலேயே, 1918 டிசம்பர் 10 அன்று, பிரபுப் பட்டங்களையெல்லாம் சட்டம் போட்டு ஒழித்துவிட்டார்கள். இவர் பிறந்தது 1937 டிசம்பர் 10, பிராகாவில். பட்டம் ஒழிந்து சரியாகப் பத்தொன்பது வருடம் கழித்து! ஆவணங்களில் அவர் வெறும் கரெல் ஷ்வார்சென்பெர்க்தான். ஆனாலும் ஆதரவாளர், எதிராளி இரு தரப்புமே ‘க்னீஷெ’ என்றுதான் சொல்வார்கள். செக் மொழியில் அதற்கு இளவரசர் என்று பொருள். முதல் தரப்பு அதை மரியாதையாகச் சொல்லும், இரண்டாம் தரப்பு குத்தலாகச் சொல்லும்.

கேள்வி: கம்யூனிஸ்டுகள் பறித்த சொத்தெல்லாம், 1989-ல் அவர்கள் ஆட்சி போன பிறகு திரும்பக் கிடைத்ததா?

பாதிக் குடும்பத்துக்குக் கிடைத்தது, மீதிக்கு இல்லை. காரணம் ஒரு தேதி. சொத்தைத் திருப்பித் தரும் சட்டங்கள் 1948 பிப்ரவரி 25-க்குப் பிறகு, அதாவது கம்யூனிஸ்டுகள் ஆட்சியைப் பிடித்த பிறகு, பறிக்கப்பட்டவற்றுக்கு மட்டுமே பொருந்தும். ஷ்வார்சென்பெர்க் குடும்பத்தில் இரண்டு கிளைகள். இவர் பிறந்த ஓர்லீக் கிளையின் சொத்து அந்தத் தேதிக்குப் பின் போனது, அதனால் திரும்பியது. ஹ்லுபோகா, செஸ்கி கிரும்லோவ், ட்ரெபோன் கோட்டைகளை வைத்திருந்த மூத்த கிளையின் சொத்தை எடுக்கவென்றே 1947-ல் தனிச் சட்டம் வந்தது. தேதி முந்திவிட்டதால் அது அரசிடமே தங்கிவிட்டது. மூத்த கிளையில் இவர் தத்துப் போனவர் என்பதால் இரண்டு கிளைக்கும் அவரே தலைவர் ஆனார். அப்படியும் கோட்டைகள் வரவில்லை. ‘எல்லாவற்றையும் வளைத்துக்கொண்டார்’ என்று யாராவது எழுதினால் இந்தத் தேதியைக் காட்டுங்கள்.

கேள்வி: நாற்பது வருடம் வெளிநாட்டில் இருந்தவருக்கு செக் அரசியலில் என்ன தகுதி?

1948-ல் குடும்பத்தோடு ஆஸ்திரியா போனவர் அங்கே சும்மா இருக்கவில்லை. 1984 முதல் வியன்னாவில் இருந்த சர்வதேச ஹெல்சிங்கி மனித உரிமைக் கூட்டமைப்புக்குத் தலைவர். 1989-ல் ஐரோப்பிய கவுன்சிலின் மனித உரிமைப் பரிசை அந்த அமைப்பும் போலந்துத் தொழிற்சங்கத் தலைவர் லேக் வலேசாவும் பகிர்ந்துகொண்டார்கள். ஜெர்மனியின் ஷைன்ஃபெல்டில் உள்ள குடும்பக் கோட்டையில், செக்கோஸ்லோவாக்கியாவில் தடை செய்யப்பட்ட எழுத்துகளைச் சேர்த்து வைக்கும் ஆவணக் காப்பகத்துக்கு இடம் கொடுத்தார். 1990-ல் அதிபர் வாட்ஸ்லாவ் ஹாவெல் அவரைக் கூப்பிட்டுத் தன் அலுவலகத்தை ஒப்படைத்ததற்கு இதுதான் பின்னணி.

அந்தப் பதவிக்கு ‘கேன்சிலர்’ என்று பெயர். ஜெர்மனியின் கேன்சிலர் போல ஆட்சித் தலைவர் என்று பலரும் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். அதிபரின் செயலகத்துக்குத் தலைவர், அவ்வளவுதான்.

கேள்வி: 2007-ல் பசுமைக் கட்சிக் கோட்டாவில் அமைச்சர் ஆனார் என்கிறார்களே, அவர் பசுமைக் கட்சிக்காரரா?

இல்லை. அப்போது அவர் மேலவை உறுப்பினர். 2004-ல் பிராகா 6 தொகுதியில் ஜெயித்தவர். செக் அரசியலில் ஒரு கட்சி தன் பங்குக்கு வரும் துறைக்கு வெளியாளை நிறுத்துவது சகஜம். பசுமைக் கட்சிக்கு இருந்தது ஆறே இடங்கள். ஆனால் 200 பேர் கொண்ட கீழவை இரண்டு அணிக்கும் நூறு நூறாகப் பிரிந்து கிடந்ததால் அந்த ஆறும் பொன்னாக மதிப்புப் பெற்றன.

முட்டுக்கட்டை அதிபர் வாட்ஸ்லாவ் கிளௌஸிடமிருந்து வந்தது. தெமெலின் அணுமின் நிலையம் எல்லைக்குப் பக்கத்தில் இருப்பதால் ஆஸ்திரியாவோடு தீராத தகராறு. ஆஸ்திரியாவில் வேரூன்றியவர் செக் நலனைக் காப்பாரா என்று கேட்டார் கிளௌஸ். ஆனால் அரசியல் சட்டத்தின்படி பிரதமர் பரிந்துரைக்கிறார், அதிபர் நியமிக்கிறார். பிரதமர் தொபொலானெக் விட்டுக்கொடுக்கவில்லை. ஜனவரி 9 அன்று நியமனம் நடந்தது.

கேள்வி: அந்த ஆட்சி ஏன் பாதியில் கவிழ்ந்தது? இவருக்குப் பங்கு உண்டா?

இவருக்குப் பங்கில்லை. நம்பிக்கையில்லாத் தீர்மானம் ஜெயிக்க மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல், அதாவது 101 வாக்கு வேண்டும். வந்திருப்பவர்களில் பாதி என்ற கணக்கு அங்கே கிடையாது. 2009 மார்ச் 24 அன்று சரியாக 101 விழுந்தது. ஒன்று குறைந்திருந்தால் ஆட்சி பிழைத்திருக்கும். ஆளும் தரப்பிலிருந்து எதிர்த்து வாக்களித்த நால்வரில் இருவர், இவரை அமைச்சராக்கிய பசுமைக் கட்சியிலிருந்து வந்தவர்கள். அதுவும் ஐரோப்பிய ஒன்றியத் தலைமை செக் நாட்டின் கையில் இருந்த ஆறு மாதத்துக்குள் நடந்தது. பிரஸ்ஸல்ஸ் கூட்டங்களில் செக் அமைச்சர்கள் எப்படி முகத்தை வைத்துக்கொண்டார்களோ!

கேள்வி: டாப் 09 என்றால் என்ன? அது உண்மையில் கலௌசெக்கின் கட்சிதானே?

செக் மொழியில் மரபு, பொறுப்பு, வளம் ஆகிய மூன்று சொற்களின் முதலெழுத்துகள். 09 என்பது தொடங்கிய ஆண்டு. கிறித்தவ ஜனநாயகக் கட்சியை விட்டு வெளியேறிய மிரோஸ்லாவ் கலௌசெக் கட்டியது. கிளை, பட்டியல், பட்ஜெட் பேச்சு எல்லாம் அவர் கையில். அவருக்கு இல்லாதது மக்கள் அபிமானம். ஷ்வார்சென்பெர்க்கிடம் இருந்தது அது ஒன்றுதான். முகம் ஒருவர், இயந்திரம் ஒருவர். 2009 நவம்பரில் ‘முகம்’ தலைவரானது, ‘இயந்திரம்’ முதல் துணைத் தலைவரானது. பொம்மைத் தலைவர் என்ற பேச்சை நான் ஏற்கமாட்டேன். வெளியுறவில் அவர் சொன்னதே முடிவு. உள்நாட்டு நிதியில் அவர் தலையிட்டது குறைவு.

2010 மே தேர்தலில் 16.7 சதவீதம், 41 இடம். முதல் தேர்தலிலேயே இது பெரிய அறுவடை.

கேள்வி: டாப் 09 மேயர்கள் கட்சியோடு கூட்டணி வைத்தது, ஆனால் தேர்தல் ஆணையப் பட்டியலில் கூட்டணி என்று இல்லையே?

நல்ல கவனிப்பு. அங்கே தனிக்கட்சி அவைக்குள் நுழைய 5 சதவீத வாக்கு போதும். கூட்டணி என்று பதிவு செய்தால் அப்போதைய விதிப்படி இரண்டு கட்சிக்கு 10, மூன்றுக்கு 15. அதனால் மேயர்கள் டாப் 09-இன் பட்டியலிலேயே வேட்பாளர்களாக ஏறிக்கொண்டார்கள். காகிதத்தில் ஒரே கட்சி, வாசல் 5 சதவீதம். 2017-ல் பிரிந்து நின்றபோது டாப் 09-க்கு 5.31, மேயர்களுக்கு 5.18. இரண்டும் நூலிழையில் தப்பின. 2021-ல் அரசியல் சட்ட நீதிமன்றம் பழைய வரம்பை ரத்து செய்தது. இப்போது இரண்டு கட்சிக்கு 8, அதற்கு மேல் 11.

கேள்வி: 2010-ல் வீடு வீடாகப் பணம் கட்டச் சொல்லி சீட்டு அனுப்பினார்களாமே?

பணம் கட்டும் சீட்டு போலவே டாப் 09 அச்சடித்த பிரசுரம் அது. தபால் நிலையத்தில் வாடகை, மின் கட்டணம் கட்டப் பயன்படும் அதே வடிவம். தொகை இருக்கும் கட்டத்தில் 1,21,000 கொருனா (செக் நாணயம்). அரசுக் கடனில் ஆளுக்கு இவ்வளவு பங்கு என்பது செய்தி. பிரசாரமாக அபாரம். ஆனால் அசல் போலவே இருந்ததால் வயதானவர்கள் பயந்துபோகிறார்கள் என்று கடும் கண்டனம் எழுந்தது.

கேள்வி: அதிபர் தேர்தலில் நிற்க அங்கே என்ன வேண்டும்? கையெழுத்துக் குளறுபடி என்று படித்தேன்.

மூன்றில் ஒன்று: 50,000 குடிமக்கள் கையெழுத்து, அல்லது 20 கீழவை உறுப்பினர், அல்லது 10 மேலவை உறுப்பினர். இவருக்கு சொந்தக் கட்சி எம்.பி.க்களே இருந்ததால் தெருவில் கையெழுத்து வாங்கும் வேலை இல்லை. குளறுபடி மற்றவர்களுக்கு.

உள்துறை அமைச்சகம் 8,500 கையெழுத்து எடுத்துச் சோதிக்கும். பிழை 3 சதவீதத்தைத் தொட்டால் இன்னொரு 8,500 எடுக்கும். பிறகு பிழை விகிதப்படி மொத்தத்தில் கழிக்கும். 2012-ல் இரண்டு சோதனையின் விகிதங்களைச் சராசரி எடுக்காமல் கூட்டிவிட்டார்கள். எடுத்துக்காட்டாக, ஒருவர் 56,000 கையெழுத்து கொடுத்து, பிழை 8, 6 என்று வந்தால் சராசரி 7. 3,920 போக 52,080 மிஞ்சும், தேறிவிடுவார். கூட்டினால் 14; 7,840 போக 48,160, தோற்றுவிடுவார். வழக்குப் போட்டதில் யானா பொபொஷிகோவா என்ற வேட்பாளர் மட்டும் மீண்டும் பட்டியலில் ஏறினார். மற்ற இருவருக்குச் சரியாகக் கணக்குப் போட்டாலும் 50,000 வரவில்லை.

கேள்வி: முதல் சுற்றில் ஒரு சதவீதம்கூட வித்தியாசம் இல்லை. இரண்டாம் சுற்றில் எப்படிக் கோட்டைவிட்டார்?

முதல் சுற்றில் மிலோஷ் ஸெமான் 24.21, இவர் 23.40. இரண்டாம் சுற்றில் 27,17,405-க்கு எதிராக 22,41,171, அதாவது 54.8-க்கு 45.2. எல்லோரும் ஒரே காரணத்தைச் சொல்வார்கள்: பெனெஷ் ஆணைகள். இரண்டு சுற்றுக்கும் இடையில் நடந்த தொலைக்காட்சி விவாதத்தில் அதைப் பற்றிக் கேட்டார்கள். 1945-ல் அப்போதைய அதிபர் பெனெஷ் போட்ட, நாட்டிலிருந்த ஜெர்மானியர்களின் குடியுரிமையையும் சொத்தையும் பறித்த ஆணைகள் அவை. முப்பது லட்சம் பேர் அளவில் வெளியேற்றப்பட்டார்கள். அன்று செய்ததை இன்றைய அளவுகோலில் கடுமையான மனித உரிமை மீறல் என்பார்கள், அன்றைய அரசு ஹேக் நீதிமன்றத்தில் நின்றிருக்கும் என்ற பொருளில் பதில் சொன்னார். சட்ட வாதமாக அதில் தப்பில்லை. வாக்குப்பதிவுக்கு எட்டு நாள் முன்பு சொன்னதுதான் தப்பு. ‘சுதேத்தன் ஜெர்மானியன் (அப்படி வெளியேற்றப்பட்டவர்களுக்கான பெயர்) மாதிரிப் பேசுகிறார்’ என்றார் ஸெமான். வாக்குப்பதிவு நாளன்று ஒரு நாளிதழில் இவருக்கு வாக்களிக்காதீர்கள் என்று முழுப்பக்க விளம்பரம் வந்தது. மனைவிக்கு செக் தெரியாது என்பதும் சேர்ந்துகொண்டது. 1938-ல் செக் மண் பிரிக்கப்படக் கூடாது என்று பெனெஷிடம் போய் நின்ற பிரபுக்களில் இவரது தந்தையின் குடும்பமும் உண்டு என்பதை அந்த வாரத்தில் யார் கேட்டார்கள்?

என் கணிப்பில் அந்தப் பதில் பாதிக் காரணம்தான். சிக்கன நடவடிக்கையால் வெறுக்கப்பட்ட ஓர் அரசில் அவர் முதல் துணைப் பிரதமர். நிதி அமைச்சர் கலௌசெக். பங்க் இசைக்காரர் போல இளஞ்சிவப்பு முடியைச் சிலிர்த்து நிறுத்திய ஷ்வார்சென்பெர்க்கின் படத்தை பிராகா இளைஞர்கள் சட்டையில் குத்திக்கொண்டு திரிந்தார்கள், பிராகாவில் அவர்தான் ஜெயித்தார். வரி ஏறிய, வேலை குறைந்த ஊர்களில் அந்தப் படம் எடுபடவில்லை.

கேள்வி: கூட்டங்களில் தூங்குவாராமே?

தூங்குவார், மறுத்ததும் இல்லை. மற்றவர்கள் உளறும்போது கண் மூடிவிடும் என்பது அவர் தரப்பு விளக்கம்.

கேள்வி: அடுத்த மாதம் செக் போகிறேன். அவர் தொடர்பான இடங்களில் எதைப் பார்க்கலாம்?

பிராகாவில் செர்னின் மாளிகை, வெளியுறவு அமைச்சகம். 1948-ல் அப்போதைய வெளியுறவு அமைச்சர் யான் மசாரிக் ஜன்னலுக்குக் கீழே இறந்து கிடந்த கட்டடம் அதுதான். பிறகு தெற்கே ஓர்லீக் கோட்டை. பழைய ஓவியங்களில் உயரமான பாறை மேல் கழுகுக் கூடு போல இருக்கும். 1961-ல் முடிந்த வல்தவா அணையால் தண்ணீர் ஏறி, இப்போது கோட்டைக்குக் கீழேயே ஏரி நிற்கிறது. படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து ‘இது வேறு கோட்டை’ என்று திரும்பிவிடாதீர்கள். 2023 நவம்பரில் வியன்னாவில் இறந்தவரை ஓர்லீக்கில் உள்ள குடும்பக் கல்லறையில்தான் வைத்தார்கள்.